இரவல் லெப்டொப்பும் கடைக் கணக்கும்

கணக்குப் புத்தகம் கடையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது நம் பெரியவர்கள் காலத்து ஒழுங்கு. இன்று அந்தக் கணக்குப் புத்தகம் பெரும்பாலும் ஒரு லெப்டொப்பாக இருக்கிறது. அது பழுதடைந்தால் வெளியே போகாமல் முடியாது. திரை போனாலும், மூடித் திறக்கும் கீல் உடைந்தாலும், உதிரிப்பாகம் வந்து சேரும் வரை இரண்டு மூன்று கிழமைகள் அது திருத்துமிடத்தில்தான் கிடக்கும். அதுவரை கையில் கிடைக்கும் மாற்று இயந்திரத்தை வைத்துக்கொண்டு வியாபாரத்தை இடறாமல் நடத்துவது எப்படி என்பதையே இவ்வாரம் பார்க்கப் போகிறோம்.

எங்கள் கடையில் மின்சாரச் சாமான்களும் ஹாட்வெயாரும் விற்கிறோம். அண்மையில் கடை லெப்டொப் பதினெட்டு நாட்கள் திருத்துமிடத்தில் இருந்தது. அங்கிருந்தவர்கள் நல்ல மனதுடன் வேறொன்றை இரவலாகத் தந்தார்கள். ஐரோப்பாவில் பாவித்துவிட்டு இங்கு வந்தது. வேகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விசைப்பலகை ஜேர்மன் நாட்டினது. எனவே கீழே சொல்லப்படுபவை பெரும்பாலும் அந்தப் பதினெட்டு நாட்களில் நான் பார்த்துப் பழகியவை.

முதலில் ஒரு விடயத்தை விளங்கிக் கொள்வோம். ஆங்கில விசைப்பலகையின் எழுத்து வரிசை அமெரிக்கரான ஷோல்ஸ் என்பவரின் தட்டச்சு இயந்திரத்திலிருந்து வந்தது. ரெமிங்டன் நிறுவனம் 1874 இல் அதனை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பின்னர் ஒவ்வொரு நாடும் தன் மொழிக்கேற்ப அதை மாற்றிக் கொண்டது. ஜேர்மன் மொழியில் 'இஸட்' அதிகம் வரும், 'வை' குறைவு. ஆகவே அவர்கள் இரண்டையும் இடம் மாற்றி வைத்தார்கள். பிரான்சில் 'ஏ'யும் 'கியூ'வும் மாறியிருக்கும். அதைவிட வேடிக்கை, அங்கே மேல் வரிசையில் இலக்கங்களை அடிப்பதற்கு ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஜப்பானிலிருந்து வருபவற்றில் இடைவெளி விடும் நீள விசை குறுகியிருக்கும், அதன் இரு பக்கமும் நமக்குத் தேவையில்லாத விசைகள் இருக்கும். நமது சந்தைக்குப் பாவித்த லெப்டொப்கள் பல நாடுகளிலிருந்தும் வருவதால், இரவலாகக் கிடைப்பது இவற்றில் எதுவாகவும் இருக்கலாம்.

எங்களுக்குக் கிடைத்ததில் கண்ட்ரோல் விசையில் 'எஸ், டி, ஆர், ஜி' என்று நான்கு எழுத்துகள் இருந்தன. டிலீட்டின் இடத்தில் 'என்ட்ஃப்' என்று இருந்தது. ஹோம் விசையில் 'பொஸ் 1'. கடையில் பில் போடும் தம்பி அதைக் கண்டதும், "நானா, இது நமக்குச் சரிவராது, திருப்பிக் குடுத்திருவோம்" என்றார். திருத்துமிடத்துக்குத் தொலைபேசி எடுத்தபோது அங்கிருந்த இளைஞர் சொன்ன பதில்தான் விடயத்தின் உயிர்நாடி. "கீயில எழுதியிருக்கிறத பாக்காதீங்க நானா. மெஷினுக்கு அந்த எழுத்து தெரியாது. உள்ளுக்கு எந்த நாட்டு கீபோர்ட் எண்டு செட் பண்ணியிருக்கோ, அதுதான் வரும்."

உண்மை அதுதான். நாம் ஒரு விசையை அழுத்தும்போது கணனிக்குப் போவது அந்த எழுத்து அல்ல, விசை இருக்கும் இடத்தின் இலக்கம் மாத்திரமே. அந்த இடத்துக்கு எந்த எழுத்து என்பதைத் தீர்மானிப்பது வின்டோஸ். எனவே ஜேர்மன் விசைப்பலகையிலும் அமெரிக்க ஆங்கில அமைப்பைப் போட்டுவிட்டால், நமக்குப் பழகிய இடத்தில் பழகிய எழுத்தே வரும். மேலே அச்சிட்டிருப்பது மட்டும் பொய் சொல்லும்.

அப்படியானால் அமைப்பை மாற்றுவதா, அல்லது அச்சிட்டிருப்பதற்கேற்ப விடுவதா? கண்ணால் பார்த்துப் பார்த்து அடிப்பவர்கள் அச்சிட்டபடியே விடலாம் என்று சிலர் சொல்வார்கள். கடிதம் மட்டும் எழுதும் அலுவலகத்துக்கு அது பொருந்தலாம். கடைக்கு அது பொருந்தாது என்பதே என் கருத்து. அதற்குக் காரணம் பார்கோட் ஸ்கேனர்.

நாம் கையில் பிடிக்கும் ஸ்கேனரைக் கணனி ஒரு விசைப்பலகையாகவே பார்க்கிறது. யூ.எஸ்.பி.யில் செருகும் சாதாரண ஸ்கேனர்கள், கோடுகளை வாசித்து, அமெரிக்க விசைப்பலகையில் ஒருவர் வேகமாக அடித்தால் எப்படியோ அப்படியே இட இலக்கங்களை அனுப்பும். கணனி ஜேர்மன் அமைப்பில் இருந்தால் 'இஸட்' என்ற எழுத்துள்ள குறியீடு 'வை'யாகப் பதியும். நடுவில் ஒரு சிறு கோடு இருந்தால் அதற்குப் பதிலாக ஜேர்மன் எழுத்தொன்று வந்து விழும். பிரெஞ்சு அமைப்பென்றால் நிலைமை இன்னும் மோசம். இலக்கங்களுக்குப் பதிலாகக் குறிகள் வரும். பொருள் பட்டியலில் இல்லை என்று மென்பொருள் சொன்னால் தப்பித்தோம். புதிய பொருளாகப் பதிந்து கொண்டே போனால், மாதக் கடைசியில் கையிருப்பை எண்ணும்போது ஒரே சாமான் இரண்டு பெயரில் நிற்கும். ஆகவே ஸ்கேனர் பாவிக்கும் கடைகளில் விசையில் என்ன அச்சிட்டிருந்தாலும் உள்ளே அமெரிக்க அமைப்பு இருப்பதே பாதுகாப்பு. ஸ்கேனரை வேறு நாட்டு அமைப்புக்கு மாற்றவும் வழியுண்டு. பதினெட்டு நாளுக்காக அதில் கை வைக்க வேண்டியதில்லை.

வின்டோஸ் அமைப்புகளில் 'நேரமும் மொழியும்' என்ற பகுதிக்குள் போய் அமெரிக்க விசைப்பலகையைச் சேர்த்துக் கொள்ளலாம். அத்துடன் நிற்காமல் பழைய ஜேர்மன் அமைப்பை நீக்கிவிடுங்கள். இரண்டும் இருந்தால், வின்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தும்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும். ஓல்ட், ஷிப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தினாலும் மாறக்கூடும். வேலை மும்முரத்தில் கை பட்டு மாறிவிட்டால் யாருக்கும் தெரியாது.

நாங்கள் அமைப்பை மாற்றிவிட்டு, விலை ஒட்டும் சிறு வெள்ளைச் சிட்டைகளில் பேனையால் எழுதி விசைகளில் ஒட்டினோம். 'வை', 'இஸட்', கழித்தல், சமன், சாய்கோடு, அரைப்புள்ளி, மேற்கோள், அட் குறிக்காக 2, அடைப்புக் குறிகளுக்காக 9 உம் 0 உம். பத்துக்கு மேல் தேவைப்படவில்லை. இவற்றில் கழித்தல் குறியே அதிகம் கவனிக்க வேண்டியது. ஜேர்மன் பலகையில் கழித்தல் அச்சிட்டிருக்கும் விசை, அமெரிக்க அமைப்பில் சாய்கோட்டைத் தரும். பில் இலக்கத்தில் இது நுழைந்தால் பின்னர் தேடும்போது அகப்படாது.

சிட்டை ஒட்டித் தீராத ஒரு வேறுபாடும் உண்டு. ஐரோப்பிய விசைப்பலகையில் இடது ஷிப்ட் குறுகியது. அதன் பக்கத்தில் ஒரு மேலதிக விசை இருக்கும். என்டர் விசை உயரமாக, ஒடுங்கி இருக்கும். நமது சுண்டு விரல் பழைய தூரத்துக்கே போகும். அப்போது சொற்களின் முன்னாலும் பின்னாலும் பின்சாய்ந்த கோடுகள் தோன்றும். இது இரண்டு மூன்று நாட்களில் கைக்குப் படிந்துவிடும். ஜப்பான் வாகனம் ஓட்டிப் பழகியவர் ஐரோப்பிய வாகனத்தில் ஏறி, திரும்புவதற்குச் சமிக்ஞை போட நினைத்து வைப்பரைப் போடுகிறாரே, அது போலத்தான். ஒரு கிழமையில் கை மாறிவிடும்.

கை மாறும். ஆனால் திகதி அமைப்பு தானாக மாறாது. வியாபாரிகள் எல்லோரும் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இதையே.

விசைப்பலகை அமைப்பு வேறு, பிராந்திய அமைப்பு வேறு. முதலாவது எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது. இரண்டாவது திகதி, தசமம், நாணயம் ஆகியவற்றை எப்படி வாசிப்பது என்பது. எங்களுக்குக் கிடைத்த லெப்டொப்பில் வின்டோஸ் ஆங்கிலத்தில் இருந்தது. பிராந்தியம் மட்டும் ஜேர்மனியாகவே விடப்பட்டிருந்தது. ஜேர்மனியர் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளியே வைப்பார்கள். புள்ளியைத் திகதி எழுதவும் ஆயிரத்தைப் பிரிக்கவும் பாவிப்பார்கள். விளைவு என்ன தெரியுமா? எக்ஸெலில் 2.5 வயர் என்பதற்காக ஒரு கட்டத்தில் 2.5 என்று அடித்தால், அது மே மாதம் 2 ஆம் திகதியாக மாறிவிடும். 1.250 என்று அடித்தால் ஆயிரத்து இருநூற்று ஐம்பதாக எடுத்துக் கொள்ளும். நாம் எழுதி வைத்திருக்கும் சூத்திரங்களில் இடையே காற்புள்ளி போட்டால் ஏற்காது, அரைப்புள்ளி கேட்கும்.

சரி, அமெரிக்கா என்று மாற்றிவிடுவோம் என்று எவரும் நினைப்பார்கள். விசைப்பலகைக்கு அமெரிக்கா போட்டோம்தானே, பிராந்தியத்துக்கும் அதையே போடுவோம் என்பது இயல்பான எண்ணம். அங்கேதான் பள்ளம் இருக்கிறது. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுபவர்கள். 2026 ஏப்ரல் 3 என்பதற்காக நாம் 3/4/2026 என்று அடித்தால், எக்ஸெல் அதை மார்ச் 4 என்று பதிந்து கொள்ளும். சரியாக முப்பது நாள் வித்தியாசம். திரையிலோ நாம் அடித்த 3/4/2026 என்பதே தெரியும். கண்ணுக்கு ஒரு தவறும் தெரியாது.

நமது வியாபாரம் பின்திகதியிட்ட காசோலைகளில் ஓடுவது. முப்பது நாள், அறுபது நாள் கடன் என்று சாமான் எடுத்து, காசோலை எழுதிக் கொடுத்து, எந்தத் திகதியில் எவ்வளவு போகும், எவ்வளவு வரும் என்று ஒரு பட்டியலை வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலைத் திகதி வரிசைக்கு அடுக்கும்போது முப்பது நாள் முன்னே ஏறிய ஒரு வரி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். ஏப்ரலில் போக வேண்டிய நம் காசோலை, மார்ச்சில் முடிந்து போன கணக்காகப் பட்டியலில் தெரியும். அதற்கு வங்கியில் பணம் வைக்க நினைவு வராது. 2006 இல் காசோலைகளின் படிமத்தை அனுப்பித் தீர்க்கும் முறை வந்த பிறகு, எந்த ஊர் வங்கிக் காசோலையானாலும் அடுத்த வேலை நாளிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. முன்பு போல் வெளியூர்க் காசோலைக்குப் பல நாள் அவகாசம் கிடைக்காது. ஒரு காசோலை திரும்பினால் வங்கி அறவிடும் கட்டணம் சிறியது. சாமான் தந்தவரிடம் அடுத்த முறை கடன் கேட்கப் போகும்போது தெரியும் அதன் பெரிய விலை.

எனவே விசைப்பலகைக்கு அமெரிக்கா, பிராந்தியத்துக்கு ஐக்கிய இராச்சியம் என்று வைத்துக் கொள்ளுங்கள். நாள் முன்னும் மாதம் பின்னும் வரும், தசமத்துக்குப் புள்ளியே இருக்கும். மாற்றிய பிறகு ஒரு வெற்றுக் கட்டத்தில் 3/4/2026 என்று அடித்து, மாதத்தின் பெயர் எழுத்தில் வரும் திகதி வடிவத்தைத் தெரிவு செய்து பாருங்கள். ஏப்ரல் என்று வந்தால் சரி. ஏற்கெனவே பதிந்திருந்த பழைய திகதிகளைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. எக்ஸெல் திகதியை எழுத்தாக வைத்திருப்பதில்லை. 1900 ஜனவரி 1 ஐ முதல் நாளாகக் கொண்டு எண்ணிய நாட் கணக்காகவே வைத்திருக்கிறது. அமைப்பு மாறினால் அவற்றின் தோற்றம் மாறுமே தவிர நாள் மாறாது. கெடுவது, தவறான அமைப்பு இருந்த வேளையில் புதிதாக அடித்தவை மட்டுமே. அவற்றைத் தேடித் திருத்த வேண்டும்.

இனிக் கடவுச்சொல். அதில் நாம் போடும் அட் குறி போன்றவை பலகைக்குப் பலகை இடம் மாறுபவை. அடிக்கும்போது கறுப்புப் புள்ளிகளே தெரிவதால் எது விழுந்தது என்று தெரியாது. வங்கி இணையத்தளத்தில் சில முறை பிழைத்தால் கணக்கு பூட்டப்பட்டுவிடும். பிறகு வங்கிக்கு அலைய வேண்டும். கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் கண் போன்ற அடையாளம் இருந்தால், பக்கத்தில் யாரும் இல்லாத போது அதை அழுத்திப் பார்த்து அடிப்பது நல்லது. லெப்டொப்பைத் திறந்ததும் வரும் நுழைவுத் திரைக்கும் தனியாக விசைப்பலகை அமைப்பு இருக்கலாம். அத்திரையின் கீழ் மூலையில் அதைப் பார்க்கலாம்.

மேல் வரிசை எஃப் விசைகள் வேறொரு தலைவலி. எக்ஸெலில் எஃப் 2 அழுத்தினால் கட்டத்தைத் திருத்தலாம். டாலி பாவிப்பவர்களுக்கு எஃப் 5 கொடுப்பனவு, எஃப் 6 வரவு, எஃப் 8 விற்பனை, எஃப் 9 கொள்வனவு என்று கை தானாகப் போகும். புதிய லெப்டொப்கள் பலவற்றில் இவ்விசைகள் திரை வெளிச்சத்தையும் ஒலியையும் கூட்டிக் குறைக்கவே முதலில் வேலை செய்யும். டெல், லெனோவோ ஆகியவற்றின் பல மாதிரிகளில் எஃப்.என். விசையையும் எஸ்கேப் விசையையும் சேர்த்து அழுத்தினால் பழைய முறைக்கு வரும். எச்.பி.யில் பெரும்பாலும் பயோஸ் அமைப்புக்குள் போய் மாற்ற வேண்டும், அதைத் திருத்துமிடத்திலேயே செய்வித்து எடுங்கள். அந்த எஃப்.என். விசையும் ஓரிடத்தில் இருப்பதில்லை. பல லெனோவோ திங்க்பேட்களில் அது இடது கீழ் மூலையிலும் கண்ட்ரோல் அதற்கு அடுத்தும் இருக்கும். மற்றவற்றில் மறுபக்கம்.

இலக்கப் பலகை இல்லாத சிறிய லெப்டொப் கிடைத்தால் யோசிக்காமல் யூ.எஸ்.பி. இலக்கப் பலகை ஒன்றை வாங்கிவிடுங்கள். அல்லது முழு விசைப்பலகையும் மவுஸும் வாங்கிச் செருகிவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு வேலையே இல்லை. கடையில் ஒரே இடத்தில் இருந்து பில் போடுபவர்களுக்கு அதுவே சிறந்த வழி. லெப்டொப் திரும்பி வந்த பிறகும் அது வீண் போகாது. லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓர்டர் எடுக்கப் போகிறவர்களுக்குத்தான் அது தோதுப்படாது.

மெல்லிய லெப்டொப்கள் சிலவற்றில் இயக்கும் பொத்தான் டிலீட்டுக்குப் பக்கத்தில் சாதாரண விசை போல் இருக்கும். கை பட்டால் இயந்திரம் உறங்கிவிடும். மின்சக்தி அமைப்பில் அந்தப் பொத்தானுக்கு 'ஒன்றும் செய்யாதே' என்று கொடுத்துவிடலாம்.

தமிழில் விலைப்பட்டியல், அறிவித்தல் அடிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் இன்னும் பலர் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகளை வைத்திருக்கிறோம். இரவல் லெப்டொப்பில் பாமினி இல்லாவிட்டால், 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்று தொடங்கி அரைப்புள்ளியில் முடியும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். எழுத்துருவைப் பென்ட்ரைவில் கொண்டு வந்து நிறுவினால் சரியாகிவிடும். இனி அடிப்பவற்றை யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லையே இல்லை.

முதல் இரண்டு நாட்களில் எந்த வேலையைச் செய்வது, எதைத் தள்ளி வைப்பது என்பதிலும் ஒரு முறை வேண்டும். இணைய வழிப் பணம் அனுப்புவதை இயன்றவரை தள்ளி வையுங்கள், அல்லது கைத்தொலைபேசியில் செய்யுங்கள். கணக்கிலக்கத்தில் ஓர் இலக்கம் பிசகினால் பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. தள்ளிப் போட முடியாதவற்றை இரண்டு பேராகச் செய்யுங்கள். முன்பு பேரேடு எழுதிய காலத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர் பென்சிலால் சரி போடுவார். நானும் தம்பியும் அந்தக் கிழமை முழுவதும் அப்படித்தான் செய்தோம். அன்றாடப் பில்களைக் கடை மூடும் முன் கால் மணித்தியாலம் வாசித்தோம். நேரம் போனதுதான். ஆனால் பொருள் பதிவில் 'இஸட்' இடம் மாறிய இரண்டு வரிகள் அன்றன்றே அகப்பட்டன.

கடைசியாகத் திருப்பிக் கொடுக்கும் நாள். உங்கள் விலைகள், உங்களுக்குக் கடன் தர வேண்டியவர்களின் பட்டியல், வங்கிக் கூற்றுகள் எல்லாம் அந்த இயந்திரத்தில் இருக்கின்றன. அடுத்த கிழமை அது உங்கள் தெருவிலேயே உள்ள இன்னொரு கடைக்குப் போகலாம். கோப்புகளை அழித்த பின் குப்பைக் கூடையையும் வெறுமையாக்குங்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை நீக்கி, மின்னஞ்சலிலிருந்து வெளியேறுங்கள். வட்ஸ்அப்பை அதில் திறந்திருந்தால் உங்கள் கைத்தொலைபேசியில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் அதைத் துண்டியுங்கள். முதல் நாளே உங்களுக்கெனத் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதற்குள் வேலை செய்திருந்தால், அந்தக் கணக்கை அதன் கோப்புகளுடன் ஒரேயடியாக நீக்கிவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். விசைகளில் ஒட்டிய சிட்டைகளை உரிக்கப் போனபோது மட்டும் திருத்துமிடத்து இளைஞர் தடுத்துவிட்டார். "அது கெடக்கட்டும் நானா, அடுத்ததா எடுக்கிறவருக்கு உதவும்" என்றார்.